கண்ணாடிக்காரரின் நான்கு நிமிடங்கள்

படகில் குடியேறிய முதல் பதினேழு நாட்களும் கண்ணாடிக்காரர் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாமல்தான் தூங்கினார். கழுத்தைச் சுற்றித் தலையணை மாதிரி புடைத்திருக்கும் பழைய ஜாக்கெட் அது. அதைப் போட்டுக்கொண்டு ஒருக்களித்துப் படுக்க முடியாது. மல்லாந்து கிடந்து, மூக்குக்கு மேலே இரண்டு முழ உயரத்தில் இருந்த கூரையைப் பார்த்தபடி, தண்ணீர் படகின் வயிற்றைத் தட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். பக்கத்தில் மனைவி அடித்துப் போட்டாற்போல் தூங்குவாள்.

"நாலு கயிறு போட்டு இழுத்துக் கட்டியிருக்கேன். துறையை விட்டு ஒரு சாண் நகராது. இதுல எங்க போய் முழுகப் போறீங்க?" என்பாள் காலையில்.

"கட்டிக் கிடக்கிற போட் முழுகாதுன்னு உனக்கு யாரு சொன்னா?"

"இருபத்தாறு வருஷம் ஓட்டினவ சொல்றேன்."

"நீ ஓட்டினது இரும்பு. இது ஃபைபர்."

அவள் சிரித்துக்கொண்டே அடுப்பைப் பற்றவைக்கப் போய்விடுவாள்.

கண்ணாடிக்காரர் என்றால் மூக்குக்கண்ணாடிக்காரர். ஒரு கடையின் பின்னறையில் முப்பத்துநான்கு வருடம் உட்கார்ந்து லென்ஸ் தேய்த்தவர். ஜன்னல் இல்லாத அறை. ஒரு மேஜை, ஒரு விளக்கு, தேய்க்கிற இயந்திரம். உள்ளங்கைக்குள் அடங்குகிற பொருட்களோடு இருப்பதுதான் அவருக்கு நிம்மதி. அதைவிடப் பெரிய எதைக் கண்டாலும் பயம். லிஃப்டுக்குப் பயந்து மூன்று மாடி ஏறுவார். நாய் படுத்திருந்தால் தெருவையே மாற்றிக்கொள்வார். தண்ணீர் என்றாலோ ஈரக்குலை நடுங்கிவிடும்.

அப்படிப்பட்டவருக்கு வாய்த்த மனைவி, ஆற்றின் முகத்துவாரத்தில் பயணிகள் படகு ஓட்டியவள். இக்கரையிலிருந்து அக்கரைக்கு ஒரு நாளைக்குப் பதினெட்டு நடை. பயணிகள் எல்லாரும் அவளைச் சுக்கானம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். வாலிப வயதில் கண்ணாடிக்காரர் அந்தப் படகில்தான் கடைக்குப் போய்வந்தார். நடு பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொள்வார். ஒருநாள் படகை நிறுத்திவிட்டு வந்து, "கரை வந்திடுச்சு சார், தூணை விட்டுடலாம்" என்றாள் அவள். அங்கே தொடங்கியதுதான். அவளைப் பார்க்கவேண்டும் என்பதற்காக, அக்கரையில் வேலையே இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளிலும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் அந்தப் படகில் ஏறியிருக்கிறார்.

பிறகு ஆற்றின் மேல் பாலம் வந்தது. படகு நின்றது. அவளை ஓர் அலுவலகத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். ஓய்வு பெறும்வரை ஒன்பது வருடம் அந்த நாற்காலியில் இருந்தாள். அந்த ஒன்பது வருடத்தில் அவள் குரலே ஒரு சுற்று இறங்கிப்போனதைக் கண்ணாடிக்காரர் கவனித்திருந்தார். அதனால்தான், ஓய்வு பெற்ற மறுமாதம் ஒரு பழைய பாய்மரப் படகைப் பார்க்கப் போகலாம் என்று அவள் சொன்னபோது, "சும்மா பார்க்கத்தானே" என்று கிளம்பினார்.

முப்பத்தேழு அடி நீளம், முப்பத்தொரு வயது. ஒரு பல் டாக்டர் வைத்திருந்து, முழங்கால் போனதால் விற்கிற படகு. வெள்ளை உடம்பு, பழுத்த பல்லைப்போல மஞ்சளேறியிருந்தது. சாதாரணப் பாய்ப்படகுகளில் வெயிலோ மழையோ வெளியில் நின்றுதான் சுக்கானைப் பிடிக்கவேண்டும். இதில் மேல்தளத்தின் நடுவில் நான்கு பக்கமும் ஜன்னல் வைத்த ஒரு கண்ணாடி அறை. உள்ளேயே ஒரு சுக்கான் சக்கரம், உயரமான நாற்காலி, திசைகாட்டி, பித்தளைக் கடிகாரம். அங்கிருந்து நான்கு படி இறங்கினால் சமையல் மூலை, மேஜை, கையால் பம்பு அடிக்கிற கழிவறை, முன்மூக்கில் இருவர் படுக்கிற முக்கோணக் கட்டில். தரைப்பலகைக்கு அடியில் டீசல் இஞ்சின்.

பரிசோதகர் ஒருவர் வந்து சின்னச் சுத்தியலால் படகின் உடம்பெல்லாம் தட்டிப் பார்த்தார். டொக் டொக் என்று வந்த சத்தம், கட்டிலுக்குப் பக்கத்தில் ஓரிடத்தில் மட்டும் மந்தமாக விழுந்தது.

"என்ன சார், சத்தம் மாறுது?" என்றார் கண்ணாடிக்காரர்.

"உள்ள கொஞ்சம் ஈரம் இருக்கு. வயசான போட்ல இதெல்லாம் சகஜம்."

சகஜமாம். வேண்டாம் என்று சொல்லிவிடத்தான் திரும்பினார். மனைவி கண்ணாடி அறையின் உயர நாற்காலியில் ஏறி, சக்கரத்தின் மேல் கையை வைத்து உட்கார்ந்திருந்தாள். ஒன்பது வருடமாக வளைந்துகிடந்த முதுகு நிமிர்ந்திருந்தது. கண்ணாடிக்காரர் வாயைத் திறந்தார். "கட்டில்தான் கொஞ்சம் சின்னதா இருக்கு" என்ற வார்த்தைகள்தான் வெளியே வந்தன.

குடியிருந்த வீட்டைக் காலி செய்து, கல்யாணமாகி வெளியூரில் இருந்த மகளிடம் பாதிச் சாமான்களை ஒப்படைத்துவிட்டுப் படகுக்கு வந்தார்கள். காலையில் எழுந்ததும் அந்த மந்தச் சத்தம் கேட்ட இடத்தில் உள்ளங்கையை வைத்து ஈரம் கூடியிருக்கிறதா என்று பார்ப்பார். தரைப்பலகையைத் தூக்கி டார்ச் அடித்து, அடிப்பள்ளத்தில் எத்தனை விரற்கடை தண்ணீர் என்று பார்ப்பார். படகின் அடியில் கழிவறைக்கும் இஞ்சினுக்குமாக ஏழு குழாய்கள் வெளியே போகின்றன என்று தெரிந்த அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "வேணும்னே ஏழு ஓட்டை போட்டு வச்சிருக்கானுங்களே!" என்று மாய்ந்து மாய்ந்து சொன்னார்.

துறையில் பக்கத்துப் படகில் இருந்தவர் ஓய்வுபெற்ற ஒயர்மேன். எந்நேரமும் ஜாக்கெட்டோடு திரிகிற இவருக்கு "ஜாக்கெட் சார்" என்று பெயர் வைத்ததே அவர்தான். கண்ணாடிக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. மூழ்கிப்போவதைவிடக் கேலி எவ்வளவோ தேவலை.

இரண்டாவது வருடத் தொடக்கத்தில் படகின் அடிப்பாகத்தைச் சுரண்டி வர்ணம் பூசவேண்டி வந்தது. அதற்குப் பட்டறை அடுத்த துறைமுகத்தில். ஐந்து மணி நேரப் பயணம். காலை எட்டு மணிக்குப் புறப்பாடு என்று சுக்கானம்மா சொல்லிவிட்டாள்.

அன்று காலை கண்ணாடிக்காரர் தன் கல்யாண வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஒரு நிபந்தனை போட்டார். கட்டியிருந்த கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, "நீயும் ஜாக்கெட் போடு. போட்டாத்தான் நான் கயித்த அவுப்பேன்" என்றார்.

"எனக்கு எதுக்குங்க அது? கழுத்தைக் குத்தும்."

"குத்தட்டும்."

"இவரோட நச்சரிப்பு தாங்க முடியல" என்று பக்கத்துப் படகில் நின்ற ஒயர்மேனிடம் முறையிட்டுவிட்டு, ஒரு ஆரஞ்சு ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டாள்.

முதல் இரண்டரை மணி நேரம் ஒன்றும் ஆகவில்லை. காற்று விழுந்துவிட்டதால் பாய்களைச் சுருட்டிக் கட்டிவிட்டு இஞ்சினில் போய்க்கொண்டிருந்தார்கள். பத்தே முக்காலுக்குப் பனிமூட்டம் வந்தது. தூரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு சுவர் மாதிரி தெரிந்தது. அடுத்து அவர் நிமிர்ந்து பார்த்தபோது படகின் மூக்கைக் காணவில்லை. கண்ணாடி அறையின் நான்கு பக்கமும் வெள்ளைத் துணி போர்த்தினாற்போல் ஆகிவிட்டது. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே வெளுப்பு. தண்ணீர் எங்கே முடிகிறது, ஆகாயம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை.

சுக்கானம்மா வாசலில் நின்று, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கையடக்கமான ஹாரனை நீளமாக அடித்துக்கொண்டிருந்தாள். பெரிய கப்பல் எதுவும் வந்து மோதிவிடக்கூடாதே என்பதற்காக. எங்கிருந்தோ ஒரு கப்பல் கனமாகப் பதில் கொடுத்தது. முன்னாலா, பின்னாலா என்று சொல்லமுடியவில்லை. கண்ணாடிக்காரர் நான்கு ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தார்.

அப்போதுதான் அவள் பார்த்தாள். முன்பாயின் கயிறு ஒன்று அவிழ்ந்து, பக்கவாட்டில் தண்ணீரில் இழுபட்டுக்கொண்டு வந்தது. அது பின்னால் போய், படகுக்கு அடியில் தண்ணீரைத் தள்ளுகிற இஞ்சின் விசிறியில் சுற்றிக்கொண்டால் படகு நின்றுவிடும். பனிமூட்டத்தில், கப்பல் பாதையில்.

"நீங்க வந்து வீலைப் பிடிங்க" என்றாள். "திசைகாட்டியில நூத்திப்பத்து. அந்த முள்ளு நூத்திப்பத்தை விட்டு அசையக்கூடாது. நான் வந்து சொல்ற வரைக்கும் அதான் உங்க வேலை. வேற எதையும் பார்க்காதீங்க."

அவர் உயர நாற்காலியில் ஏறினார். கடிகாரத்தைப் பார்த்தார், பதினொன்று பன்னிரண்டு. அவள் கம்பியைப் பிடித்தபடி முன்னால் போனாள். பத்தடி போனதும் பனிமூட்டம் அவளை இடுப்புக்கு மேல் அழித்தது. குனிந்து கயிற்றை இழுப்பது நிழலாகத் தெரிந்தது.

அந்தக் கப்பல் கடந்துபோயிருக்கவேண்டும். அது கண்ணில் படவில்லை. அது தள்ளிவிட்ட அலை மட்டும் வந்தது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுந்தது. சமையல் மூலையில் தட்டுகள் சரிந்தன. இடது ஜன்னலுக்கு வெளியே ஒரு கை போயிற்று. பிறகு ரப்பர் பூட்ஸின் அடிப்பாகம் ஒன்று, கண்ணாடியை உரசாத குறையாக. அவ்வளவுதான். கூச்சல் இல்லை. தண்ணீரில் விழுந்த சத்தம்கூட இஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை.

என்ன நடந்தது என்று அவருக்குத் தெரிந்தது. தெரியவில்லை என்று பின்னால் ஒருநாளும் அவரால் சொல்லிக்கொள்ள முடியவில்லை. தெரிந்தும் கை ஓடவில்லை. விரல்கள் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டன. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கண் மட்டும் முள்ளைப் பார்த்தது. நூற்றுப்பத்து. அவள் வந்து சொல்லும்வரைக்கும் இதுதான் வேலை. அவள் இன்னும் வந்து சொல்லவில்லையே. நூற்றுப்பத்து. இதுவரை அவர் கையில் முள் ஒரே இடத்தில் நின்றதே இல்லை; ஐந்து பாகை அந்தப் பக்கம், எட்டு பாகை இந்தப் பக்கம் என்று ஆடும். அன்றைக்கு அது ஆணி அடித்தாற்போல் நின்றது. படகு நேராக, சீராக, அதே வேகத்தில் அவளைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

ஏதோ ஒன்று குறைகிறது என்று வெகுநேரமாகத் தோன்றிக்கொண்டிருந்தது. என்னவென்று பிடிபடவில்லை. திடீரென்று உறைத்தது. ஹாரன். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அடிக்கவேண்டிய ஹாரனை யாரும் அடிக்கவில்லை.

கடிகாரத்தில் மணி பதினொன்று பதினேழு.

அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மனுஷன் போடுகிற சத்தமாகவே அது இல்லை. சக்கரத்தோடு ஒட்டியிருந்த விரல்கள் விட்டுவிட்டன. உடம்பெல்லாம் நடுங்கத் தொடங்கியது. ஆனால் நடுங்குகிற கை அசையும். சக்கரத்தைச் சுற்றினார். திரும்பி எந்தத் திசையில் போவது? வந்த வழியே. வந்தது நூற்றுப்பத்து. கோணம் அவருக்குப் புதிதில்லை. பார்வைக்கோளாறுக்கு ஏற்ப லென்ஸை இத்தனை பாகைக்குத் திருப்பி வைக்கவேண்டும் என்று முப்பத்துநான்கு வருடம் கணக்குப் பார்த்தவர். அரைவட்டம் நூற்றெண்பது. கூட்டினால் இருநூற்றுத் தொண்ணூறு. முள் அங்கே வந்து நின்றதும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

போன நேரம் எவ்வளவோ அவ்வளவு நேரம் திரும்பிப் போகவேண்டும். விழுந்து ஏறக்குறைய நான்கு நிமிடம். ஒவ்வொரு விநாடியும் ஒவ்வொரு நிமிடம் மாதிரி நகர்ந்தது. போய்ச் சேர்ந்தால் அங்கே என்ன இருக்கும் என்று மனம் ஒவ்வொன்றாகக் காட்டியது. ஜாக்கெட் மட்டும் தனியாக மிதப்பதுபோல. முகம் தண்ணீருக்குள் இருப்பதுபோல. ஒன்றுமே இல்லாததுபோல. அவள் இருக்கிற இடத்தில்தான் இந்தப் படகு ஏறப்போகிறது, அடியில் விசிறி சுற்றுகிறது என்றும் தோன்றியது.

நான்காவது நிமிடத்தில் இஞ்சினை நிறுத்தினார். மறுபடி ஸ்டார்ட் ஆகாவிட்டால்? ஆகாவிட்டால் ஆகாமல் போகட்டும். காது கேட்கவேண்டும்.

கதவைத் திறந்து வெளியே வந்தார். மூக்குக்கண்ணாடியில் பனி படிந்து ஒன்றும் தெரியவில்லை. கழற்றிப் பையில் போட்டார். அதனால் எந்த வித்தியாசமும் இல்லை. பாய்மரத்திலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம். தன் நெஞ்சு அடிக்கிற சத்தம். அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார். நின்றார். மறுபடி கத்தினார்.

ஒரு விசில். குழந்தைகளின் பொம்மை விசில் மாதிரி மெல்லியதாக. ஜாக்கெட்டின் தோள்பட்டையில் கட்டியிருக்குமே, அது. வலது பக்கமா? இல்லை, பின்னால். மறுபடி ஒருமுறை. வலது பக்கம்தான்.

இஞ்சின் முதல் முயற்சியிலேயே பிடித்தது. அதற்கு அவர் மனசுக்குள் போட்ட கும்பிடு கொஞ்சநஞ்சமல்ல. ஊர்ந்து ஊர்ந்து போனார். ஆரஞ்சு நிறம் ஒன்று வெளுப்புக்குள் கரைந்த சாயம்போலத் தெரிந்தது. கியரை விடுவித்தார். படகு மிதந்துகொண்டே அவள் பக்கத்தில் போய் நின்றது.

அவள் முகம் மெழுகு மாதிரி இருந்தது. உதடு நீலம். அவரைப் பார்த்து, பல் கிட்டித்தபடி, "நியூட்ரல்... நியூட்ரல்ல வச்சீங்களா?" என்றாள்.

"வச்சிட்டேன். வச்சிட்டேன்மா."

பின்பக்கத்து ஏணியை இறக்கினார். அவளால் அதைப் பிடிக்க முடிந்தது, ஏற முடியவில்லை. குளிரில் விரல்கள் மடங்கவில்லை. அவர் கை கொடுத்து இழுத்துப் பார்த்தார்; நனைந்த துணியும் பூட்ஸுமாக அவள் மலைபோல் கனத்தாள். இரண்டு முறை அவளோடு சேர்ந்து தானும் உள்ளே விழப் பார்த்தார். கடைசியில் பாய்க்கயிறு ஒன்றை உருவி, அவள் அக்குளுக்கு அடியில் சுற்றி முடிச்சுப் போட்டு, அதைக் கயிறு இறுக்குகிற உருளையில் கொண்டுவந்து சுற்றினார். கைப்பிடியைப் போட்டுத் திருகினார். ஒரு சுற்றுக்கு இரண்டு விரற்கடைதான் ஏறினாள். அவர் அழுதுகொண்டே திருகினார். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. ஒருவழியாக அவள் இடுப்பு விளிம்புக்கு மேலே வந்தது. பிடித்து உள்ளே உருட்டினார். இருவரும் தளத்தில் அப்படியே கிடந்தார்கள்.

ஈரத்துணியைக் களைந்து, இருந்த கம்பளியெல்லாம் சுற்றி, இஞ்சினுக்கு மேலே சூடாக இருந்த தரையில் அவளைப் படுக்கவைத்தார். பிறகு இரண்டு மணி நேரம் அவர்தான் ஓட்டினார். கம்பளிக்குள்ளிருந்து அவ்வப்போது, "எவ்வளவு?" என்று குரல் வரும். "நூத்திப்பத்து" என்பார் அவர். 

மறுநாள் மகளும் ஒயர்மேனும் பட்டறைக்கு ஓடிவந்தார்கள். மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஒயர்மேன் கண்ணாடிக்காரரின் தோளைப் பிடித்துக் குலுக்கி, "எப்படி சார் அந்தப் பனியில கண்டுபிடிச்சீங்க? விழுந்ததும் திருப்பிட்டீங்களா?" என்றார்.

"உடனே திருப்பிட்டேன்" என்றார் கண்ணாடிக்காரர்.

வாய் தவறி வந்த வார்த்தைதான். திருத்த ஒரு கணம் இருந்தது. அதற்குள் மகள் திரும்பி, "எங்க அப்பாவா!" என்று கண்ணீரோடு சிரித்தாள். அந்தக் கணம் போய்விட்டது.

கதை துறை முழுக்கப் பரவியது. ஜாக்கெட் சார் கண் இமைக்கிற நேரத்தில் படகைத் திருப்பினாராம். படகுக்காரர்கள் சங்கக் கூட்டத்தில் அவரை மேடைக்குக் கூப்பிட்டு, கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். மகள் அதைக் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டினாள். முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டிய மனைவியின் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை.

அதன்பிறகு அவர் ஜாக்கெட் போடுவதை விட்டார். தைரியம் வந்துவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள். தண்ணீருக்குப் பயப்பட அவருக்கு இப்போது நேரமில்லை. அவள் "ஏங்க" என்று கூப்பிட்டாலே, அந்த நான்கு நிமிடத்தைப் பற்றிக் கேட்டுவிடப்போகிறாள் என்றிருந்தது. பேட்டரி ஏற்றுவதற்கு இஞ்சினைப் போட்டால், அவள் தலையைச் சாய்த்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அப்போதெல்லாம் அவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போய்விடுவார். அவளும் மாறித்தான் போயிருந்தாள். படகின் முன்பக்கம் போவதில்லை. துறையை விட்டுக் கிளம்பும் பேச்சே எடுப்பதில்லை. சில சமயம் அவர் சாப்பிடும்போது, ரொம்ப நாள் கழித்துப் பார்க்கிற ஆளைப் பார்ப்பதுபோல அவரைப் பார்ப்பாள். முப்பத்தைந்து வருடம் ஒரே பாயில் படுத்தவளிடம் பேசுவதற்கு அவர் வார்த்தையைப் பொறுக்கவேண்டி வந்தது.

எட்டு மாதம் இப்படிப் போனது.

ஒருநாள் மத்தியானம் இஞ்சினுக்கு ஆயில் மாற்றிக்கொண்டிருந்தார்கள். தரைப்பலகையைத் தூக்கிவைத்துவிட்டு இருவரும் எதிரும் புதிருமாக முழங்காலிட்டிருந்தார்கள். அவள் டார்ச் பிடித்தாள். அவர் மூடியை இறுக்கினார். இஞ்சினைப் போட்டுப் பார்த்து நிறுத்தினார்கள். சத்தம் அடங்கிய அந்த அமைதியில், பனிமூட்டத்தில் இஞ்சினை நிறுத்தியபோது இருந்த அதே அமைதி அவர் காதில் விழுந்தது.

"நான் உடனே திருப்பல" என்றார்.

டார்ச் வெளிச்சம் அசையவில்லை.

"நீ விழுந்ததைப் பார்த்தேன். பார்த்துட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். கை வரல. நாலு நிமிஷம். கொஞ்சம் கூடவே இருக்கும்."

"தெரியும்" என்றாள் அவள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இருபத்தாறு வருஷம் இஞ்சின் சத்தத்தைக் கேட்டவ நான். வேகம் குறைஞ்சா தெரியாதா, திரும்பினா தெரியாதா? அது அப்படியே போச்சு. சின்னதாகிச் சின்னதாகிப் போச்சு." அவள் டார்ச்சை அணைத்தாள். "எனக்கு அது ஒரு மணி நேரம். நாலு நிமிஷந்தான்னு இப்பத்தான் தெரியுது."

"ஏன் கேக்கல?"

"கேக்கப் பயம்."

"உனக்கா?"

அவள் ஆயில் துணியால் கையைத் துடைத்தாள்; சுத்தமாகிவிட்ட பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள். "நீங்க வேணும்னே போறீங்களோன்னு நெனச்சேன். தண்ணியில கிடந்தப்ப. இந்த போட்டு உங்களுக்குப் பிடிக்காது. நான்தான் இழுத்துட்டு வந்தேன். ஒரு நாளாவது நிம்மதியாத் தூங்கியிருப்பீங்களா? அதான்... விட்டுட்டுப் போயிட்டாருன்னு நெனச்சுட்டேன். உங்களைப் போய் அப்படி நெனச்சுட்டேனேன்னு எட்டு மாசமா என்னால உங்க முகத்தை நேருக்கு நேராப் பார்க்க முடியல. கேட்டு, நீங்க ஆமான்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு அது வேற."

கண்ணாடிக்காரர் கை முழுக்க ஆயிலோடு இஞ்சினுக்கு மேலாக எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். முழங்கால் மரத்துப்போகும்வரை அப்படியே இருந்தார்கள்.

சாயங்காலம் அந்தப் பாராட்டுப் பத்திரத்தைக் கழற்றப் போனார்.

"அதை எடுக்காதீங்க" என்றாள் மனைவி. "எடுத்தா, பின்னாடி இருக்கிற ஈரக்கறை தெரியும்."

ஆகவே அது அங்கேயே தொங்கியது. ஆனால் ஒயர்மேனிடமும் மகளிடமும் அவர் உள்ளதைச் சொல்லிவிட்டார். ஒயர்மேன் தாடையைச் சொறிந்துகொண்டே, "கரண்ட் கம்பியில மாட்டினவன் கையும் அப்படித்தான் சார், விடாது" என்றார். மகள் போனை வைத்துவிட்டாள். மறுநாள் தானாகவே கூப்பிட்டு, ஊருக்கு வந்து தன்னோடு இருந்துவிடும்படி கெஞ்சினாள். "அம்மாவைக் கேளு" என்றார் இவர். அம்மா, "அப்பாவைக் கேளு" என்றாள்.

அவர்கள் போகவில்லை. அதற்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமைதோறும் படகை முகத்துவாரம்வரை எடுத்துப்போகத் தொடங்கினார்கள். சுக்கானம்மா ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் கேனில் பாதித் தண்ணீர் நிரப்பிக் கடலில் எறிவாள். கண்ணாடிக்காரர் படகைத் திருப்பி அதைப் பிடித்துக்கொண்டு வரவேண்டும். முதல் தடவை கேன் விழுந்ததுமே அவர் கை சக்கரத்தில் ஒட்டிக்கொண்டது. அவள் பின்னால் நின்று காதுக்குள் கத்தினாள்: "திருப்புங்க! திருப்புங்கன்னா!" அன்றைக்கு ஒன்றரை நிமிடம் ஆனது. திரும்பிப்போய்த் தேடினால் கேனையே காணோம். அதற்கடுத்த வாரம் கேன் மேலேயே ஏற்றிவிட்டார். அவள் விழுந்த முன்பக்கத்திலிருந்துதான் கேனையும் எறியவேண்டும்; அவளுக்கு அது முடியாமல் பல வாரம் பின்பக்கத்திலிருந்தே எறிந்தாள். பிறகு இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, ஒவ்வொரு கம்பியாகப் பிடித்து, உதட்டைக் கடித்தபடி முன்னால் போனாள். கண்ணாடிக்காரர் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருப்பார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பயிற்சி முடிந்ததென்று அவர் கண்ணாடி அறையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வெளியே நின்றவள் சொல்லாமல் கொள்ளாமல் கேனை எறிந்துவிட்டு, "ஆளு விழுந்துட்டான்!" என்று கத்தினாள். தேநீர்ப் பாத்திரம் ஒரு பக்கம், கோப்பை ஒரு பக்கம் பறந்தது. சக்கரம் சுற்றியதும், முள் எதிர்த்திசைக்குப் போனதும் அவருக்கே நினைவில்லை.

அவள் வாசலில் வந்து கடிகாரத்தைப் பார்த்தாள். "எட்டு செகண்ட்ல திருப்பிட்டீங்க."

அவர் கேனைத் தூக்கி உள்ளே போட்டுவிட்டு, சிந்திய தேநீரிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.  அரைமணி நேரம் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. படகை அவள்தான் துறைக்குக் கொண்டுவந்தாள்.  மறு ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கயிற்றை அவிழ்த்தது அவர்தான்.